ஒரு டார்ச், நாலு கலர்: முதல் பார்வையில் தோன்றியவை

காரைக்கால் என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று திருநள்ளாறு சனீஸ்வரன். இன்னொன்றை நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும் :-) மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் நான் இருட்டைச் சேர்ப்பேன். ஊர் நடுவே பாரதியார் சாலை ஜெகஜோதியாகத்தான் இருக்கும். ஆனால் அங்கிருந்து எந்தப் பக்கம் நாலு கிலோமீட்டர் போனாலும் ஒன்று வயல், இல்லையென்றால் கடல். இரண்டும் ராத்திரியில் கறுப்பு. இரண்டிலும் ராத்திரியில்தான் வேலை.

அதனால் டார்ச் லைட் என்பது நம்ம பக்கத்தில் பொழுதுபோக்குச் சாமான் இல்லை. ரெண்டு கட்டை, மூணு கட்டை, அஞ்சு கட்டை என்று பேட்டரி எண்ணிக்கையை வைத்தே பேர் சொல்லி வளர்ந்த ஊர் இது. அஞ்சு கட்டை வைத்திருப்பவர் ஊரில் கொஞ்சம் பெரிய மனுஷர். அது வெளிச்சத்துக்கு வெளிச்சம், நாய் துரத்தினால் தடிக்குத் தடி.

இப்போது அந்த இடத்துக்குப் புதுசாக ஒரு ஆள் வந்திருக்கிறார். "டாக்டிகல்" டார்ச். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தலையை மேலே கீழே மடக்கலாம், சட்டைப் பையிலோ பெல்ட்டிலோ மாட்டிக்கொள்ள கிளிப் உண்டு. ஒரே தலையில் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று நாலு எல்.ஈ.டி. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருகிறார்கள், ஆன்லைனிலும் கொட்டிக் கிடக்கிறது. நண்பன் வீட்டுக்கு வந்த ஒன்றை இரண்டு வாரம் கடன் வாங்கி, மொட்டை மாடி, வரப்பு, கடற்கரை என்று கொண்டுபோய்ப் பார்த்தேன். அதில் தோன்றியதைத்தான் எழுதுகிறேன். கம்பெனி பேர் வேண்டாம். இது ஒரு கம்பெனியைப் பற்றிய விஷயம் இல்லை, ஒரு சாமானைப் பற்றிய விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலர் நல்ல விஷயம்தான். ஆனால் கலர் என்பது ஒரு மொழி. அர்த்தம் தெரியாமல் ஒரு மொழியைச் சத்தமாகப் பேசினால் என்ன ஆகுமோ, அதுதான் இதிலும் ஆகும்.

டாக்டிகல் என்றால் என்ன?

போலீஸ்காரர்களும் ராணுவத்தினரும் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிப்பதற்கு வசதியாகச் செய்த டார்ச்சுக்கு அமெரிக்காவில் ஒட்டிக்கொண்ட பேர் அது. 1980களில் ஷ்யூர்ஃபயர் கம்பெனியின் 6பி என்ற டார்ச் இந்த வகையில் ரொம்பப் பிரபலம். அதன் வெளிச்சம் 65 லூமென். எதிராளியின் கண்ணைக் கூசவைக்க அதுவே போதும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இன்றைக்கு நம் செல்போனில் இருக்கும் லைட்டே கிட்டத்தட்ட அந்த அளவு வெளிச்சம் தரும்.

தலை மடங்குவதும் கலர் மாறுவதும்கூட புதுசு இல்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் டி.எல். 122 என்று ஒரு டார்ச் வைத்திருந்தது. அதன் தலை 90 டிகிரி வளைந்திருக்கும். சட்டையில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்கு ஃப்ரீ. பின்னால் வந்த எம்.எக்ஸ். 991 மாடலில் அடிமூடியைத் திருகினால் உள்ளே சிவப்பு, நீலம் என்று கலர் வில்லைகள் இருக்கும். வேண்டியதை எடுத்து முன்னால் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வில்லைக்குப் பதில் கலர் எல்.ஈ.டி.யையே உள்ளே வைத்து, தலையைச் சுழலவும் விட்டால் ஸ்ட்ரீம்லைட் கம்பெனியின் சைடுவைண்டர் வந்துவிடும். இப்போது கடைகளில் கிடைக்கும் பாதி மாடல்கள் அதன் தம்பி தங்கைகள்தான்.

அமெரிக்கா வரைக்கும் ஏன் போக வேண்டும்? நம்ம ரயில்வேயின் பழைய கைவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய்த் திரி உள்ளே எரியும். மேலே திருகினால் சிவப்புக் கண்ணாடி, இன்னும் திருகினால் பச்சை, இன்னும் திருகினால் வெள்ளை. கார்டு கையிலும் கேட்கீப்பர் கையிலும் இருந்த அந்த விளக்குதான் நம்ம ஊரின் முதல் "மல்டி கலர் டாக்டிகல்". இப்போது அதே வேலையை மூவண்ண எல்.ஈ.டி. டார்ச் செய்கிறது. கார்டு என்ற பதவிப் பேரைக்கூட 2022 ஜனவரியில் "டிரெயின் மேனேஜர்" என்று மாற்றிவிட்டார்கள். மூன்று கலரை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சிவப்பு: உண்மையும் விளம்பரமும்

பெட்டியில் "நைட் விஷனைக் காப்பாற்றும்" என்று எழுதியிருப்பார்கள். இது பொய் இல்லை. நம் விழித்திரையில் இரண்டு வகை செல்கள் இருக்கின்றன. கூம்பு செல்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், கலர் தெரிவது அவற்றால்தான். கோல் செல்கள் மங்கலான வெளிச்சத்திலும் வேலை செய்யும், ஆனால் அவற்றுக்குக் கலர் தெரியாது. கோல் செல்லில் இருக்கும் ரொடாப்சின் என்ற நிறமி வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும், மறுபடி முழுசாக ஊறிவர அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கரண்ட் போனதும் முதலில் ஒன்றும் தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர், கதவு, அண்டா என்று தெரிய ஆரம்பிக்கிறதே, அந்தக் கணக்குதான்.

இந்த ரொடாப்சின் ஆழ்ந்த சிவப்பைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாது. அதனால் சிவப்பு வெளிச்சத்தில் வேலை பார்த்துவிட்டு அணைத்தாலும் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. இதைச் சரிபார்க்க டார்ச்சே வேண்டாம். சாயங்காலம் பொழுது சாயும்போது செம்பருத்திச் செடியைப் பாருங்கள். இலை இன்னும் வெளிறித் தெரியும்போதே பூ கறுத்துவிட்டிருக்கும். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதிவைத்தார், அவர் பேரிலேயே இதை இன்றும் சொல்கிறார்கள்.

மொட்டை மாடியில் சிவப்பைக் குறைத்து வைத்து நோட்டுப் புத்தகம் படித்துவிட்டு நிமிர்ந்தால், வானத்தில் நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. வெள்ளையில் படித்துவிட்டு நிமிர்ந்தால் தார் பூசினமாதிரி இருந்தது. இது சிவப்புக்கு முழு மார்க்.

ஆனால் பெட்டியில் எழுதாத இரண்டு விஷயம் உண்டு. முதலாவது, கலரைவிட அளவுதான் முக்கியம். கண் கூசும் சிவப்பைவிட மினுக்கென்று எரியும் வெள்ளை கண்ணுக்கு நல்லது. நான் பார்த்த டார்ச்சில் சிவப்பைப் போட்டதும் அது முழு வேகத்தில் எரிந்தது, அப்புறம்தான் குறைக்க முடிந்தது. அதாவது எதைக் காப்பாற்றப் போகிறேன் என்று சொன்னதோ, அதை முதல் நொடியிலேயே கெடுத்துவிட்டது.

இரண்டாவது, சிவப்பில் கலர் வித்தியாசம் செத்துவிடும். சிவப்பு மையில் எழுதியது காகிதத்தோடு கலந்து காணாமல் போய்விடும். மஞ்சள், பழுப்பு, செம்மண் எல்லாம் ஒரே மாதிரி வெளுத்துத் தெரியும். வரப்பில் கொண்டுபோய்ப் பார்த்தேன். காய்ந்த தென்னை மட்டை, வைக்கோல் புரி, மண் எல்லாம் ஒரே குடும்பம்.

நம்ம ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர். அதில் பெரும்பாலோர் கிராமத்தில் வசிப்பவர்கள். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது. கண்ணாடி விரியன் சருகோடு சருகாகக் கிடப்பது. தண்ணீர் கட்டவும் மோட்டார் போடவும் ராத்திரியில் வரப்பில் நடப்பவருக்கு இருட்டுக்குப் பழகிய கண்ணைவிட, காலடியில் கிடப்பது மட்டையா பாம்பா என்று தெரிவதுதான் முக்கியம். அதற்கு வெள்ளைதான் வேண்டும். அதுவும் தூரத்தில் அடிக்கும் ஊசி வெளிச்சம் இல்லை, காலைச் சுற்றி அகலமாகப் பரவும் வெளிச்சம். "ராணுவத்தில் சிவப்புதான் யூஸ் பண்றாங்க" என்று யாராவது சொன்னால், ராணுவத்துக்கு எதிரியிடமிருந்து மறைய வேண்டும், நம்ம மாமாவுக்கு விரியனைப் பார்க்க வேண்டும், இரண்டும் வேற வேற வேலை என்று சொல்லுங்கள்.

பச்சை, நீலம், அப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று

பச்சைதான் கண்ணுக்கு ரொம்ப வெளிச்சமாகத் தெரியும் கலர். நம் கண் பகல் வெளிச்சத்தில் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் பக்கம் இருக்கும் மஞ்சள் கலந்த பச்சையைத்தான். அதனால் அதே பேட்டரிச் செலவில் பச்சை கூடுதலாக எரிவதுபோல் தோன்றும். வயலில் அடித்துப் பார்த்தால் நாற்று முழுக்கப் பளிச்சென்று இருந்தது, மற்றதெல்லாம் மங்கல். பார்க்க அழகு. பிரயோஜனம்? பெரிதாக எனக்குத் தோன்றவில்லை.

நீலத்துக்கு வருவோம். (திருநள்ளாறு பக்கத்து ஆள் என்பதால் நீலத்துக்குப் பரிந்து பேசுவேன் என்று நினைக்காதீர்கள்!) நீல வெளிச்சத்தில் ரத்தம் கறுப்பாகத் தெரியும், அதனால் அடிபட்ட மிருகத்தின் தடத்தைப் பிடிக்க உதவும் என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் வாங்குகிறார்கள். நம்ம ஊரில் அது வலிய வந்து கொடுப்பது பூச்சியைத்தான். புறஊதாவுக்கும் நீலத்துக்கும் பூச்சிகள் ஓடிவரும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் அவ்வளவாக வராது. மழைக்காலத்தில் சம்பா வயல் ஓரம் ஐந்து நிமிஷம் நீலத்தைப் போட்டு நின்றால் பச்சைத் தத்துப்பூச்சி வாய் மூக்கெல்லாம் வந்துவிடும். விவசாயத் துறை விளக்குப் பொறி வைக்கச் சொல்வது இந்தக் குணத்தை நம்பித்தான்.

ஆனால் நீலத்துக்கு நாம் ஒரு கும்பிடு போட்டே ஆக வேண்டும். 1962-ல் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்.ஈ.டி. செய்துவிட்டார். நல்ல பிரகாசமான நீலம் வர 1990களின் தொடக்கம் ஆனது. அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று பேருக்கு அதற்காக 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். காரணம், நீலம் இல்லாமல் இன்றைய வெள்ளை எல்.ஈ.டி. இல்லை. அணைந்திருக்கும் டார்ச்சின் வெள்ளை எல்.ஈ.டி.யை உற்றுப் பாருங்கள், மஞ்சளாக ஒரு பூச்சு இருக்கும். உள்ளே எரிவது நீலம், அந்த மஞ்சள் பூச்சு அதில் ஒரு பகுதியை மாற்றி, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஆக ஒவ்வொரு வெள்ளை டார்ச்சுக்குள்ளும் ஒரு நீல டார்ச் ஒளிந்திருக்கிறது.

சில மாடல்களில் புறஊதாவும் வருகிறது. ரூபாய் நோட்டில் அடித்தால் வரிசை எண் மின்னும், காகிதத்தில் இருக்கும் மெல்லிய இழைகளும் மின்னும். தேளின் மேல் பட்டால் அது பச்சை நீலமாக ஒளிரும். விறகு அடுக்கிய மூலை, செங்கல் குவியல் இருக்கும் வீடுகளுக்கு நான் நாலு கலரில் ஒன்றை எடுத்துவிட்டு இதைத்தான் வைப்பேன். கண்ணில் மட்டும் அடிக்கக் கூடாது.

கலர் ஒரு மொழி

இப்போது ரயில்வேக்கு வருகிறேன். 2011 டிசம்பரில் நாகூர் பாதை திறந்த பிறகு காரைக்காலுக்கு மறுபடி ரயில் வந்தது. தண்டவாளத்தை ஒட்டி வயல், வயலை ஒட்டி வரப்பு. ரயில்வே விதிப்படி ராத்திரியில் பச்சையை ஆடாமல் பிடித்தால் "போகலாம்". பச்சையை மேலும் கீழுமாக மெதுவாக ஆட்டினால் "ஜாக்கிரதையாகப் போ". சிவப்பு காட்டினால் "நில்". சிவப்பு கையில் இல்லையென்றால் வெள்ளை விளக்கை உடம்புக்குக் குறுக்கே வேகவேகமாக ஆட்டினாலும் "நில்".

கடைசி விதியைக் கவனியுங்கள். கலரே இல்லாவிட்டாலும் ஆபத்தைச் சொல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஆரம்ப காலத்தில் இங்கிலாந்தில் வெள்ளைதான் "போகலாம்". சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும், நிற்க வேண்டிய இடத்தில் வண்டி போய்விடும். அதனால்தான் "போகலாம்" என்பதைப் பச்சைக்கு மாற்றினார்கள். ஒரு கலருக்கு அர்த்தம் கொடுப்பதற்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருக்கிறது.

கடலிலும் இதே கதைதான். 1972-ம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள்படி கலத்தின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. எதிரே சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கம் நமக்குத் தெரிகிறது என்று அர்த்தம். எந்தத் திசையில் போகிறது, யார் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு புள்ளியிலிருந்து தெரிந்துகொள்வதுதான். அதனாலேயே, இந்த விளக்குகளோடு குழம்பக்கூடிய வேறு விளக்குகளைக் காட்டக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது.

அந்த விதிகளில் டார்ச்சுக்கும் ஓர் இடம் உண்டு. ஏழு மீட்டருக்குக் குறைவான பாய்மரப் படகு வழக்கமான விளக்குகளை வைக்க முடியாவிட்டால், ஒரு மின் டார்ச்சோ விளக்கோ கையில் தயாராக வைத்திருந்து, மோதல் வராமல் தடுக்கும்படி முன்கூட்டியே காட்ட வேண்டும். என்ன கலர் என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளை.

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று வரிசையாக மீனவ கிராமங்கள். தெற்கே வாஞ்சூர் பக்கம் 2009 முதல் இயங்கும் துறைமுகம். பெரிய கப்பல்கள் வந்துபோகிற தண்ணீரில்தான் ஃபைபர் படகுகளும் ராத்திரியில் வலை விடுகின்றன. அந்தப் படகில் ஒரு பையன் விளையாட்டாகப் பச்சையைப் போட்டு அணியத்தில் வைத்தால், கப்பலின் மேலே நிற்பவர் அதைப் படகின் வலப்பக்கம் என்றுதான் படிப்பார். அவர் தப்பாகப் படிக்கவில்லை. நாம்தான் தப்பாக எழுதியிருக்கிறோம்.

சாலையிலும் இப்படித்தான். 2017 மே 1 முதல் மந்திரிகள் வண்டியிலிருந்தே சிவப்பு விளக்கை எடுத்துவிட்டார்கள், சுழல்விளக்கு அவசர ஊர்திகளின் அடையாளம் என்று ஆனது. இந்த டார்ச்சுகளில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும் ஒரு மோடு வைத்திருக்கிறார்கள். திருநள்ளாறு சாலையில் பைக் பின்னால் மாட்டிக்கொண்டு போகும் நம் கல்லூரி நண்பர்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லா வண்டியும் ஆம்புலன்ஸ் மாதிரி மின்னினால், ஒருநாள் நிஜ ஆம்புலன்ஸ் வரும்போது யாரும் ஒதுங்க மாட்டார்கள். புலி வருது கதைதான்.

வெளிச்சத்துக்கு மனுஷர்கள் மட்டும் வாசகர்கள் இல்லை. ஜனவரியிலிருந்து இந்தக் கடற்கரைகளில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். குஞ்சு பொரித்து வெளியே வந்ததும் அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நடக்கும். இயற்கையில் அது கடல். நாம் வெள்ளையை அடித்துக்கொண்டு நின்றால் அது நம் பக்கம் நடக்கும், அப்புறம் நாய், காக்கை, வெயில். சென்னையில் 1988 முதல் மாணவர்களே நடத்தும் ஆமைப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி ராத்திரி நடைகளில் முடிந்தவரை லைட்டே போடாமல், தேவைப்பட்டால் மங்கின சிவப்பை மட்டும் பயன்படுத்துவார்கள். வரப்பில் நான் வேண்டாம் என்று சொன்ன அதே சிவப்பு இங்கே சரியான கலர். வேலைக்குத் தக்க கலர் என்பது இதுதான்.

லூமென் என்ற பெரிய பொய்

விலை குறைந்த மாடல்களில் "1,00,000 லூமென்" என்று போடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். நல்ல எல்.ஈ.டி. ஒரு வாட்டுக்கு 150 லூமென் தரும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் லூமெனுக்கு 667 வாட் வேண்டும். கிட்டத்தட்ட அயர்ன் பாக்ஸ். உள்ளே இருக்கும் 18650 பேட்டரி நல்லதாக இருந்தால் 3,500 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 12 வாட்-மணி சொச்சம். ஒரு நிமிஷம் எரிந்து தீர்ந்துவிடும். தீருவதற்கு முன்னால் டார்ச் கையைச் சுட்டுவிடும், ஏனென்றால் அந்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகும். பேட்டரி மேலேயே "9,900" என்று போட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அந்த அளவு பேட்டரியில் அவ்வளவு அடங்கவே அடங்காது.

நம்பத்தக்க கம்பெனிகள் 2009-ல் வந்த எஃப்.எல். 1 என்ற தர அளவுப்படி போடுவார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. டார்ச் எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதை, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரை அளக்கிறார்கள். அது தோராயமாகப் பௌர்ணமி நிலா வெளிச்சம். அதாவது உலகத்தின் டாக்டிகல் டார்ச்சுகளுக்கெல்லாம் அளவுகோல் நம்ம தாத்தா காலத்து நிலாதான் :-)

பேட்டரி: கஜா சொல்லிக்கொடுத்தது

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையைக் கடந்தது. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நம்ம மாவட்டத்தில் திருமலைராயன்பட்டினம் பக்கம் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. இருந்து என்ன? கம்பமே சாய்ந்தால் மின்சாரம் எதில் வரும்?

அந்த மாதிரி நேரத்தில் சார்ஜ் போடும் டார்ச் முதல் இரண்டு நாளுக்கு ராஜா, மூன்றாம் நாள் வெறும் அலுமினியக் குழாய். சில டாக்டிகல் மாடல்கள் கேட்கும் சி.ஆர். 123 பேட்டரி நம்ம பெட்டிக்கடையில் கிடைக்காது. பென்டார்ச் பேட்டரி கிடைக்கும். எந்தச் சந்தில் இருக்கும் கடையிலும் கிடைக்கும். அதனால் என் கட்சி, பென்டார்ச் பேட்டரி போடும் மாடல்தான். வெளிச்சம் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். புயல் ராத்திரியில் குழந்தைக்கு மருந்து ஊற்ற 1,000 லூமென் வேண்டாம், ஐந்து லூமென் போதும், ஆனால் அது பத்து ராத்திரிக்கு வர வேண்டும்.

உப்புக்காற்றையும் மறக்காதீர்கள். கடலோரத்தில் பேட்டரி தொடும் ஸ்பிரிங் பச்சை பூத்துவிடும். மாதம் ஒருமுறை துடைப்பது, வேலை இல்லாத நாளில் பேட்டரியை வெளியே எடுத்து வைப்பது இரண்டும் எந்த டார்ச்சின் ஆயுளையும் கூட்டும்.

என் தீர்ப்பு

முதல் பார்வையில் நல்ல சாமான். மடங்கும் தலைக்கும் கிளிப்புக்கும் பத்துக்குப் பத்து. வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு மோட்டார் ஃபியூஸ் போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். மங்கின சிவப்புக்கு எட்டு. பச்சைக்கும் நீலத்துக்கும் பாஸ் மார்க். மின்னும் மோடுக்கு முட்டை.

வாங்குவதாக இருந்தால் நாலு விஷயம் பாருங்கள். பட்டனை அழுத்தியதும் முதலில் வெள்ளை வர வேண்டும், அவசரத்தில் கலர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. எந்தக் கலரும் குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும். கலர் மாற்றும் சுவிட்ச் தனியாக, கொஞ்சம் கஷ்டப்பட்டுத் திருப்பும்படி இருக்க வேண்டும், பையில் கிடக்கும்போது தானாகப் பச்சையாகிவிடக் கூடாது. பேட்டரி நம்ம தெருவில் கிடைக்க வேண்டும்.

வாங்கின பிறகு ஒரே ஒரு விஷயம். தண்டவாளத்துப் பக்கத்திலும் கடலிலும் சாலையிலும் வெள்ளையைத் தவிர வேறு கலரைத் தொடாதீர்கள். வீட்டில் சின்னப் பசங்க இருந்தால், கலர் மாற்றிக் காட்டுவதற்கு முன்னால் எந்தக் கலருக்கு என்ன அர்த்தம், வெள்ளையைக் குறுக்கே வேகமாக ஆட்டினால் என்ன அர்த்தம் என்று சொல்லிக்கொடுங்கள். சிவப்பு விளக்கு கையில் இல்லாத ஒரு ராத்திரியில், தண்டவாளத்தில் மரம் விழுந்து கிடப்பதைப் பார்க்கும் ஒருவனுக்கு அந்த ஒரு வரி போதும். அதற்கு நாலு கலர் வேண்டாம். பழைய ரெண்டு கட்டை டார்ச்சே போதும்.